கேம் திறந்ததும் மூடிக்கொள்கிறதா? வாசகர் கேள்வி - பதில்

ஆண்ட்ராய்டு கேம்களின் நேட்டிவ் லைப்ரரியை, அதாவது பிராசஸர் நேரடியாக ஓட்டும் நிரல் (கோடு) அடங்கிய, எஸ்ஓ என்று பெயர் முடியும் கோப்பை, யாராவது மாற்றியதால் வரும் கிராஷ் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். உதாரணங்கள் யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்த கேம்களிலிருந்து. அன்ரியல், காக்கோஸ் என்றாலும் ஆராயும் முறை இதேதான். கோப்பின் பெயர்தான் வேறு.

கேள்வி: கேமைத் திறந்தால் லோகோ வருகிறது, உடனே மூடிக்கொள்கிறது. ‘செயலி நின்றுவிட்டது’ என்பதற்கு மேல் திரையில் எதுவும் இல்லை. காரணத்தை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: திரையில் காரணம் வராது. போன் எழுதிவைக்கும் நிகழ்வுக் குறிப்பான லாகில்தான் இருக்கும். போனின் டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கணினியில் ஏடிபி-யுடன் (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் கருவி) இணையுங்கள். முதலில் பழைய லாக் முழுவதையும் அழித்துவிடுங்கள். பிறகு கேமைத் திறந்து கிராஷ் ஆக விட்டு, லாகைக் காட்டும் லாக்கேட் கட்டளையில், கிராஷ் குறிப்புகள் சேரும் கிராஷ் பஃபரை மட்டும் எடுங்கள். மொத்த லாகையும் எடுத்தால் ஆயிரக்கணக்கான வரிகளில் தேட வேண்டியிருக்கும். கிராஷ் பஃபரில் உங்களுக்கு வேண்டியது மட்டும் நிற்கும்.

அதில் ‘ஃபேட்டல் எக்செப்ஷன்’ என்று வந்தால் பிரச்சினை ஜாவா பக்கம். ‘ஃபேட்டல் சிக்னல்’ என்று வந்து, அதன் கீழே நட்சத்திரக் குறிகளால் ஒரு வரியும் தொடர்ந்து நீண்ட விவரமும் இருந்தால் அது நேட்டிவ் கிராஷ். அந்த விவரத்துக்கு டூம்ஸ்டோன் என்று பெயர். அதன் முழு வடிவம் போனின் டேட்டா பகுதியில் டூம்ஸ்டோன்ஸ் என்ற ஃபோல்டரில் பதிவாகிறது. ரூட் (போனின் முழு நிர்வாகி அனுமதி) இல்லாமல் அந்த ஃபோல்டரை நேரடியாகத் திறக்க முடியாது. ஆனால் ஏடிபி-யில் பக்ரிப்போர்ட் (போனின் முழு நிலை அறிக்கை) எடுத்தால், கிடைக்கும் ஜிப் கோப்புக்குள் அதே ஃபோல்டர் வந்துவிடும்.

டூம்ஸ்டோன் நீளமானது, முழுவதையும் படிக்க வேண்டாம். பிராசஸர் வகையைச் சொல்லும் ஏபிஐ 32 பிட்டா 64 பிட்டா, எந்தத் திரெட் (கேமுக்குள் தனியே ஓடும் வேலை இழை) விழுந்தது, கிராஷின் வகையைச் சொல்லும் சிக்னலும் அதன் துணைக் குறியும், தொட முயன்ற நினைவிடத்தைச் சொல்லும் ஃபால்ட் அட்ரஸ், அபார்ட் மெசேஜ் இருந்தால் அது, எந்த ஃபங்க்ஷன் எதைக் கூப்பிட்டு விழுந்தது என்று காட்டும் பேக்ட்ரேஸின் முதல் மூன்று நான்கு வரிகள். தொடங்குவதற்கு இவை போதும்.

கேள்வி: சிக்னல் 11, சிக்னல் 6, சிக்னல் 4 என்றெல்லாம் வருகிறதே, எது எதைக் குறிக்கிறது?

பதில்: 11 என்பது சிக்செக்வி. தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்டதால் வருவது. இதன் துணைக் குறிதான் முக்கியம். மேப்எர் என்றால் அந்த முகவரியில் எதுவுமே இல்லை. ஆக்எர் என்றால் இடம் இருக்கிறது, செய்ய முயன்ற காரியத்துக்கு அனுமதி இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் கோடுப் பகுதியில், அனுமதியை மாற்றாமல் எழுதப் போகும் மோட்கள் (பிறர் கேமில் செய்யும் மாற்றங்கள்) ஆக்எர்ரில்தான் விழும். ஃபால்ட் அட்ரஸ் பூஜ்ஜியம் அல்லது பூஜ்ஜியத்துக்கு மிக அருகில் இருந்தால் காலியான பாயிண்டர், அதாவது எந்த நினைவிடத்தையும் சுட்டாத முகவரி.

6 என்பது சிக்அபார்ட். புரோகிராம் தானே ‘இதற்கு மேல் ஓட மாட்டேன்’ என்று நிறுத்திக்கொண்டது. அபார்ட் மெசேஜில் பெரும்பாலும் காரணமே எழுதியிருக்கும்.

4 என்பது சிக்கில். பிராசஸருக்குப் புரியாத கட்டளை. முறையாகக் கம்பைல் செய்த எஸ்ஓ கோப்பில் இது அபூர்வம். கம்பைலரே சில இடங்களில் வேண்டுமென்றே நிறுத்தும் கட்டளை வைப்பதுண்டு. பிராசஸரில் இல்லாத வசதியைக் கோடு பயன்படுத்தினாலும் வரும். இந்த இரண்டும் இல்லையென்று தெரிந்தால், யாரோ பைட்டுகளை மாற்றியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் முதலில் வர வேண்டியது இந்தச் சிக்னலைப் பார்த்ததும்தான்.

கேள்வி: நான் ஒரு சிறிய கேமைச் செய்து வெளியிட்டிருக்கிறேன். ஒரு பயனர் அனுப்பிய டூம்ஸ்டோனில் சிக்கில், பேக்ட்ரேஸின் முதல் வரி லிப்-ஐஎல்2சிபிபி (யூனிட்டி கேமின் கோடு இருக்கும் எஸ்ஓ). என்னிடம் உள்ள போன்களில் இந்தக் கிராஷ் வரவே இல்லை. அவரிடம் இருப்பது மாற்றப்பட்ட கோப்பு என்று உறுதியாகச் சொல்ல வழி உண்டா?

பதில்: உண்டு. ஊகத்துக்கே இடமில்லாமல் சொல்லலாம். ஆனால் பயனரைக் குறை சொல்லும் முன் பின்வரும் சோதனைகளை முழுதாகச் செய்துவிடுங்கள். பாதியில் முடிவுக்கு வந்தால், உங்கள் கேமில் உள்ள உண்மையான பிழையை ‘மோட் ஆசாமி’ என்று ஒதுக்கித் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது.

முதலில் கேமை நிறுவும் கோப்பான ஏபிகே-யின் கையொப்பம். ஏபிகே-க்குள் ஒரு பைட் மாறினாலும் பழைய கையொப்பம் செல்லாது. போன் நிறுவ மறுக்கும். எனவே ரூட் இல்லாத போனில் ஏபிகே-க்குள் இருக்கும் எஸ்ஓ மாறியிருக்கிறதென்றால், அந்த ஏபிகே வேறொருவர் சாவியால் மறுபடி கையொப்பமிடப்பட்டதாகவே இருக்கும். பேக்கேஜ் மேனேஜரின் பாத் கட்டளை கேம் நிறுவப்பட்ட இடத்தைக் காட்டும். அங்கிருந்து ஏபிகே-க்களை ஏடிபி-யில் இழுத்து, ஏபிகே-சைனரில் சான்றிதழை அச்சிட்டுப் பாருங்கள். ஒப்பிட வேண்டியது பிளே ஆப் சைனிங் சான்றிதழோடு, அதாவது பயனருக்குப் போகும் கோப்பில் கூகுள் பிளே இடும் கையொப்பத்தின் சான்றிதழோடு. பலர், பிளேக்கு அனுப்பும்போது தாங்கள் இடும் அப்லோடு சாவியின் சான்றிதழோடு ஒப்பிட்டு, ஒழுங்கான கோப்பையே போலி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அடுத்து பில்டு ஐடியும் ஹேஷும். விசாரணையின் உயிரே இந்த இடம்தான். பில்டு ஐடி என்பது கம்பைல் செய்த துண்டுகளைச் சேர்க்கும் லிங்கர் கடைசியாகக் கோப்பைக் கட்டும்போது உள்ளே பதிக்கும் எண். வழக்கமாக 40 ஹெக்ஸ் (பதினாறடிமான) இலக்கம். பின்னால் யாராவது ஹெக்ஸ் எடிட்டரில் பைட்டுகளை மாற்றினால் பில்டு ஐடி தானாக மாறாது. ஆனால் கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) மாறிவிடும். ஆகவே பயனரின் கோப்பில் பில்டு ஐடி உங்கள் வெளியீட்டோடு ஒத்துப்போய், ஹேஷ் மட்டும் வேறாக இருந்தால், கட்டி முடித்த பிறகு அந்தக் கோப்பு மாறியிருக்கிறது. பில்டு ஐடியே வேறு என்றால் அது வேறு பதிப்பு. ஒப்பீட்டை அங்கேயே நிறுத்திச் சரியான பதிப்பைத் தேடி எடுங்கள்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. சிம்பல்களை (ஃபங்க்ஷன் பெயர் விவரங்களை) நீக்கும் ஸ்ட்ரிப் வேலையும் பில்டு ஐடியை மாற்றாமல் ஹேஷை மட்டும் மாற்றும். சிம்பலோடு உங்கள் கணினியில் இருக்கும் கோப்பை எடுத்து ஒப்பிட்டால் ஒவ்வொரு பயனரும் குற்றவாளியாகத் தெரிவார். பிளே ஸ்டோரிலிருந்து உங்கள் போனில் இறங்கிய அதே பதிப்பின் எஸ்ஓவை எடுத்தே ஒப்பிடுங்கள்.

கடைசியாக, மாறிய இடமும் விழுந்த இடமும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஒரு மாதிரியை எண்களோடு போட்டுப் பார்ப்போம். டூம்ஸ்டோனின் பேக்ட்ரேஸ் முதல் வரியில் பிசி (விழுந்தபோது ஓடிய கட்டளையின் முகவரி) மதிப்பு ஹெக்ஸ் 912340 என்று வைத்துக்கொள்வோம். இது நினைவகத்தில் கோடு அமரும் கணக்கிலான முகவரி. கோப்பில் அந்தப் பைட் இருக்கும் இடம் அல்ல. எஸ்ஓவின் அமைப்பைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியில் புரோகிராம் ஹெட்டர்களை அச்சிட்டு, இயக்க அனுமதி உள்ள லோடு பகுதியைப் பாருங்கள். அதன் ஆஃப்செட்டைவிட (கோப்பில் உள்ள இடம்) விர்ச்சுவல் அட்ரஸ் (நினைவகக் கணக்கிலான முகவரி) ஹெக்ஸ் 1000 அதிகமாக இருந்தால், 912340-இலிருந்து 1000-ஐக் கழியுங்கள். கோப்பில் இடம் ஹெக்ஸ் 911340. பத்தடிமானத்தில் 9507648.

இப்போது அசல் கோப்பையும் பயனரின் கோப்பையும் சிஎம்பி கட்டளையில், மாறிய ஒவ்வொரு பைட்டையும் பட்டியலிடும்படி ஒப்பிடுங்கள். அது 9507649-இலிருந்து 9507656 வரை எட்டு வரிகள் காட்டுகிறது என்று கொள்வோம். ஒன்று தள்ளி இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். சிஎம்பி பைட்டுகளை 1-இலிருந்து எண்ணும். ஆஃப்செட் 0-இலிருந்து தொடங்கும். ஆக, கிராஷ் விழுந்தது மாறிய எட்டு பைட்டுகளில் சரியாக முதல் பைட்டில். அந்தப் பட்டியலில் பைட் மதிப்புகள் எட்டடிமான (ஆக்டல்) முறையில் அச்சாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஹெக்ஸ் என்று எண்ணிப் படித்தால் எதுவும் பொருந்தாது.

எட்டு பைட் என்பதே ஒரு தடயம். 64 பிட் ஆர்ம் வகைப் பிராசஸரில் ஒவ்வொரு கட்டளையும் 4 பைட். மோட் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு ஃபங்க்ஷனின் தொடக்கத்தில் ‘1 என்று மதிப்பு வை, திரும்பிப் போ’ என்ற இரண்டு கட்டளைகளைத்தான் எழுதுவார்கள். அதை 32 பிட் ஆர்ம் கட்டளையாக எழுதி 64 பிட் கோப்பில் வைத்தால் பிராசஸருக்கு அது கட்டளையே அல்ல. விளைவு உங்களுக்கு வந்த அதே சிக்கில்.

கேள்வி: ஹேஷும் ஒத்துப்போகிறது, கையொப்பமும் சரி. ஆனாலும் கிராஷ் இயல்பாகத் தெரியவில்லை.

பதில்: கோப்பைத் தொடாமல், ஓடும்போது நினைவகத்தில் மாற்றியிருக்கலாம். டூம்ஸ்டோனில் ‘மெமரி நியர் பிசி’ என்று ஒரு பகுதி வரும். பிசி-யைச் சுற்றியிருந்த பைட்டுகள் அதில் அச்சாகியிருக்கும். கோப்பில் அதே இடத்தில் உள்ள பைட்டுகளோடு ஒப்பிடுங்கள். 64 பிட்டில் எட்டெட்டு பைட்டாக, கடைசி பைட் முன்னால் வரும்படி அச்சாவதால் ஒவ்வொரு தொகுதியையும் திருப்பிப் படிக்க வேண்டும். கோப்பு ஒன்று சொல்ல, நினைவகம் வேறொன்று சொன்னால் விடை கிடைத்துவிட்டது. அதே டூம்ஸ்டோனின் மெமரி மேப்பில் உங்கள் ஏபிகே-யில் இல்லாத எஸ்ஓ பெயர் ஏதாவது நிற்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த வகைக் கிராஷ் பத்து முறைக்கு இரண்டு முறை மட்டும் வருவதற்கும் காரணம் உண்டு. ஆர்ம் பிராசஸரில் தரவுக்கான கேஷும் (பிராசஸருக்குள் உள்ள விரைவு நினைவகம்) கட்டளைக்கான கேஷும் தனித்தனி. கோடை மாற்றி எழுதியவர் கட்டளைக் கேஷைப் புதுப்பிக்கச் சொல்லாவிட்டால், பிராசஸர் பழைய கட்டளையை ஓட்டுமா புதியதை ஓட்டுமா என்பது அந்த நேரத்தைப் பொறுத்தது.

கேள்வி: மாறிய இடம் ஓரிடம், கிராஷ் விழுவது வேறு எங்கோ. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்கும். சொல்லப்போனால், மாறிய இடத்திலேயே விழுவதுதான் எளிதான வழக்கு. தள்ளி விழுபவைதான் நாள்கணக்கில் நேரத்தைத் தின்னும்.

ஃபங்க்ஷனின் நடுவில் ‘திரும்பு’ கட்டளையை வைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃபங்க்ஷன் தொடங்கும்போது ஸ்டாக்கில் (ஃபங்க்ஷன்களின் தற்காலிக நினைவிடம்) இடம் ஒதுக்கி, திரும்பிப் போகும் முகவரியை அங்கே சேமிக்கிறது. முடியும்போது அதை மீட்டு, ஸ்டாக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. நடுவில் திரும்பினால் இந்த மீட்பு நடக்காது. கூப்பிட்ட ஃபங்க்ஷன் தன் வேலையை முடித்துத் திரும்ப முயலும்போது தவறான இடத்திலிருந்து முகவரியை எடுத்து, ஏதோ ஓர் இடத்துக்குத் தாவும். பேக்ட்ரேஸில் லைப்ரரிப் பெயரே இல்லாமல் ‘அன்னோன்’ என்று வருவது பெரும்பாலும் இதனால்தான்.

மதிப்பின் வகை தவறுவது இன்னொன்று. பின்ன எண்ணைத் திருப்பித் தர வேண்டிய ஃபங்க்ஷன் அதை எஸ்0 ரெஜிஸ்டரில் (பிராசஸருக்குள் மதிப்பை வைக்கும் இடம்) தர வேண்டும். மோட் செய்தவர் முழு எண்ணுக்கான டபிள்யூ0-இல் மதிப்பை வைத்துவிட்டுத் திரும்பினால், எஸ்0-இல் ஏற்கெனவே கிடந்த குப்பைதான் வேகமாகவோ தூரமாகவோ கேமுக்குள் போகும். உடனே விழாது, எங்கோ ஓர் அரேயின் எல்லை தாண்டும்போது விழும்.

ஆப்ஜெக்டைத் தர வேண்டிய ஃபங்க்ஷனை ‘1 தா’ என்று மாற்றியிருந்தால் ஃபால்ட் அட்ரஸே காட்டிக்கொடுத்துவிடும். ஐஎல்2சிபிபி கோடு ஆப்ஜெக்ட் காலியா என்று சோதிக்கும். 1 என்பது காலி அல்ல, எனவே சோதனையைத் தாண்டிவிடும். 64 பிட்டில் ஆப்ஜெக்டின் தலைப்பகுதி 16 பைட், ஹெக்ஸில் 10. முதல் ஃபீல்டைப் படிக்கப் போனால் 1-உம் 10-உம் சேர்ந்து ஃபால்ட் அட்ரஸ் ஹெக்ஸ் 11. இரண்டாவது ஃபீல்டு எட்டு பைட் தள்ளி என்றால் ஹெக்ஸ் 19. இயல்பான காலிப் பாயிண்டர் பிழையில் இப்படி ஒற்றைப்படை முகவரி வருவது அரிது. இதைப் பார்த்ததும், விழுந்த ஃபங்க்ஷனை விட்டுவிட்டு அதற்கு அந்த ஆப்ஜெக்டைக் கொடுத்தது யார் என்று தேடுங்கள்.

இதோடு, ஆஃப்செட்டையும் விர்ச்சுவல் அட்ரஸையும் குழப்பிக்கொண்டு எழுதப்பட்ட மோட்களும் ஏராளம். மேலே பார்த்த அதே 4096 பைட் வித்தியாசத்தில், சம்பந்தமே இல்லாத ஃபங்க்ஷன் ஒன்று சிதைந்திருக்கும். சிஎம்பி பட்டியலில் உள்ள இடத்துக்கு ஹெக்ஸ் 1000 முன்னும் பின்னும் என்ன ஃபங்க்ஷன் இருக்கிறது என்று பார்த்தால், அவர் எதை மாற்ற நினைத்தார் என்பது புரிந்துவிடும்.

கேள்வி: என் சொந்த கேமின் எஸ்ஓவை மட்டும் புதிதாகக் கட்டி, பழைய ஏபிகே-யில் மாற்றி வைத்துச் சோதிக்கிறேன். சில நேரம் நிறுவவே மறுக்கிறது, நிறுவினாலும் ‘டிஎல்-ஓபன் ஃபெயில்டு’ என்கிறது.

பதில்: நிறுவும்போது வரும் பிழை அநேகமாக ஜிப் வேலையில். ஏபிகே-யின் அமைப்புகளைச் சொல்லும் மேனிஃபெஸ்ட் கோப்பில் நேட்டிவ் லைப்ரரியை வெளியே பிரித்து எடுக்க வேண்டாம் என்று இருந்தால், எஸ்ஓ கோப்புகள் ஏபிகே-க்குள் சுருக்கப்படாமல், நினைவகப் பக்க (பேஜ்) எல்லையில் அமர்ந்திருக்க வேண்டும். சாதாரண ஜிப் கருவி அவற்றைச் சுருக்கிவிடும். ரிசோர்சஸ் ஏஆர்எஸ்சி கோப்பும் அப்படித்தான்: டார்கெட் எஸ்டிகே (கேம் குறிவைக்கும் ஆண்ட்ராய்டு நிலை எண்) 30-உம் அதற்கு மேலும் என்றால் சுருக்காமல், 4 பைட் எல்லையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் -124 என்ற பிழை. கோப்புகளை எல்லையில் அமர்த்தும் ஜிப்அலைன் முதலில், கையொப்பமிடும் ஏபிகே-சைனர் பிறகு. வரிசையை மாற்றினால் கையொப்பம் கெட்டுவிடும். கேம் பல ஏபிகே-க்களாகப் பிரிந்திருந்தால் எஸ்ஓ இருப்பது பேஸில் (அடிப்படை ஏபிகே) அல்ல, ஆர்ம்64 ஸ்பிளிட்டில் (தனியே பிரிந்த ஏபிகே). எல்லாவற்றுக்கும் ஒரே சாவியில் கையொப்பமிட்டு, இன்ஸ்டால்-மல்டிபிள் கட்டளையில் ஒன்றாக நிறுவுங்கள்.

டிஎல்-ஓபன் என்பது எஸ்ஓவை நினைவகத்தில் ஏற்றும் வேலை. அந்தப் பிழையில் அதே வரியின் மீதியைப் படியுங்கள். போனில் எஸ்ஓவை ஏற்றும் லிங்கர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடும். லைப்ரரி கிடைக்கவில்லை என்றால், ஒரு எஸ்ஓவை 32 பிட் ஃபோல்டரிலும் மற்றவற்றை 64 பிட் ஃபோல்டரிலும் வைத்திருக்கலாம். ஒரு கேமுக்கு ஆண்ட்ராய்டு ஒரே ஏபிஐ-யைத்தான் தேர்ந்தெடுக்கும். சிம்பல் கிடைக்கவில்லை என்றால், புதிய எஸ்ஓ எதிர்பார்க்கும் ஃபங்க்ஷன் பழைய துணை லைப்ரரியில் இல்லை. அலைன்மென்ட் 4096, பேஜ் சைஸ் 16384 என்று வந்தால், 16 கேபி பக்க அளவுள்ள போனில் 4 கேபி-க்குக் கட்டிய கோப்பை வைத்திருக்கிறீர்கள். ஆண்ட்ராய்டு 15 முதல் இத்தகைய போன்களுக்கு ஆதரவு உண்டு. எஸ்ஓவை 16 கேபி அலைன்மென்ட்டில் மறுபடி லிங்க் செய்ய வேண்டும், ஜிப் வேலையால் இதைத் தீர்க்க முடியாது.

நிறுவி, லோடு ஆகி, லோகோ நேரத்திலேயே யூனிட்டிமெயின் திரெட்டில் விழுந்தால் கேமின் வகுப்பு, ஃபங்க்ஷன் விவரங்கள் உள்ள குளோபல்-மெட்டாடேட்டா கோப்பைப் பாருங்கள். லிப்-ஐஎல்2சிபிபி-யும் அதுவும் ஒரே பில்டில் பிறந்த ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. ஒரே யூனிட்டி பதிப்பில் கட்டியிருந்தால் இரண்டிலும் வடிவ எண் ஒன்றாகவே இருக்கும், சோதனையைத் தாண்டிவிடும்; ஆனால் உள்ளே உள்ள வரிசை எண்கள் வேறு வகுப்புகளைச் சுட்டிக்கொண்டிருக்கும். கேம் அப்டேட் ஆன பிறகு பழைய மோட் எஸ்ஓவை வைத்தவர்களுக்கு வருவதும் இதே கிராஷ்தான்.

கேள்வி: டூம்ஸ்டோனே இல்லை. கேம் சத்தமில்லாமல் மறைந்துவிடுகிறது.

பதில்: ஆண்ட்ராய்டு 11 முதல், செயலி ஏன் முடிந்தது என்பதை சிஸ்டம் குறித்துவைக்கிறது. ஏடிபி வழியாக டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி கட்டளையில் எக்ஸிட்-இன்ஃபோவைக் கேம் பெயரோடு கேளுங்கள். காரண எண் 1 என்றால் கேம் தானே வெளியேறியது, 2 என்றால் வேறு சிக்னலால் கொல்லப்பட்டது, 3 நினைவகப் பற்றாக்குறை, 5 நேட்டிவ் கிராஷ், 6 பதில் சொல்லாமல் உறைந்தது. மாற்றப்பட்ட கோப்பில் 1 அல்லது 2 வந்தால், கேமின் பாதுகாப்புச் சோதனை கோப்பின் மாற்றத்தைக் கண்டுபிடித்து நிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். 3 வந்தால் எஸ்ஓவைத் தேடிப் பயனில்லை.

கேள்வி: மாற்றப்பட்ட பிரதிகளின் கிராஷ்களும் என் கிராஷ் ரிப்போர்ட்டில் கலந்துவிடுகின்றன. பிரிப்பது எப்படி?

பதில்: உங்கள் ரிப்போர்ட்டிங் அமைப்பின் அடையாளம் ஏபிகே-க்குள்ளேயே இருப்பதால், மாற்றிய பிரதியும் உங்கள் கணக்குக்கேதான் அனுப்பும். கேம் தொடங்கியவுடனே, வேறு எஸ்ஓக்கள் லோடு ஆகும் முன், மூன்று விவரங்களைக் கஸ்டம் கீயாக (ரிப்போர்ட்டோடு சேர்ந்து போகும் குறிப்பு) வையுங்கள்: கையொப்பச் சான்றிதழின் ஹேஷ், நிறுவிய செயலியின் பெயர், முக்கிய எஸ்ஓவின் ஹேஷ். பெரிய எஸ்ஓவை முழுதாக ஹேஷ் செய்வது தொடக்கத்தைத் தாமதப்படுத்தினால் கோடுப் பகுதியை மட்டும் பின்னணியில் செய்யுங்கள். செயலி அசலா என்று கூகுள் சரிபார்த்துச் சொல்லும் பிளே இன்டக்ரிட்டியைப் பயன்படுத்தினால், செயலியை அடையாளம் காணவில்லை என்ற தீர்ப்பையும் உங்கள் சர்வரில் சேருங்கள்.

பிரித்த பிறகு அந்தக் கிராஷ்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரே கிராஷ் அசல் பிரதிகளிலும் ஒன்றிரண்டு இடத்தில் வருகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். வந்தால் அது உங்கள் பிழை. பைட்டை இருந்த இடத்திலேயே மாற்றிய கோப்பில் முகவரிகள் நகர்வதில்லை. ஆகவே உங்கள் அசல் சிம்பல் கோப்பையும் என்டிகே-ஸ்டாக்கையும் வைத்தே மாற்றிய பிரதியின் பேக்ட்ரேஸையும் ஃபங்க்ஷன் பெயர்களாகப் படிக்கலாம்.

கேள்வி: நான் வெறும் விளையாட்டு ஆர்வலர். மோட் ஏபிகே போட்டதிலிருந்து இந்தக் கிராஷ். கேஷை அழித்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சிதைந்திருப்பது ஏபிகே-க்குள் உள்ள கோடு. கேஷை அழிப்பது அதைத் தொடவே தொடாது. அசல் பதிப்பை மேலேயே நிறுவவும் முடியாது, கையொப்பம் வேறு என்று போன் மறுத்துவிடும். மோடை நீக்கிவிட்டுத்தான் அசலைப் போட வேண்டும். நீக்கினால் போனில் மட்டும் இருக்கும் சேமிப்பு போய்விடும் என்பதால், கேமுக்குள் கிளவுட் சேமிப்பு இருந்தால் அது அண்மையில் பதிவானதா என்று முதலில் பாருங்கள். அந்த மோடுக்குள் உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், அதை வேறொரு கருவியிலிருந்து இன்றே மாற்றிவிடுங்கள். எஸ்ஓவை மாற்றத் தெரிந்தவர் அதற்குள் வேறு எதைச் சேர்த்திருக்கிறார் என்பதைக் கேமின் திரை காட்டாது.